டர்பன் வெயிலுக்கு ஏற்ற நிலத்தடிக் குழாய் அடையாளக் கம்பம்

வார்ப்பு பிளாஸ்டிக் கம்பங்களில் எச்.டி.பி.ஈ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) வகையைத் தாராளமாக வாங்கலாம். உப்புக் காற்றில் துருப்பிடிக்காது. பழைய இரும்புக் கடையில் விலைபோகாததால் திருடவும் மாட்டார்கள். எழுத்து ஸ்டிக்கராக இருந்தால் தொடாதீர்கள், ஓரம் சுருண்டு உரிந்துவிடும். அச்சிலேயே மேடாக வார்த்த எழுத்துதான் நிலைக்கும். பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்: 4 மி.மீ. சுவருக்கு ரிப் (வலுவுக்காகப் பின்னால் ஓடும் வரம்பு) 2 மி.மீ. தடிமன் போதும், தடித்துப்போனால் அந்த இடம் மெதுவாக ஆறிச் சுருங்கி முன்முகத்தில் குழி விழும். மஞ்சள், நீலக் கம்பங்களுக்குப் புற ஊதாத் தடுப்பான் கட்டாயம். இல்லையென்றால் வெளிறி, விரலில் மாவாக ஒட்டும், பிறகு நொறுங்கும்.

டர்பனுக்கு வடக்கே டொங்காட் கரும்புக்காட்டு ஓரத்துக்கு மட்டும் இது வேண்டாம். வெட்டுக்கு முன் சோகையை (கரும்பின் காய்ந்த இலையை) கொளுத்துவார்கள். இந்தப் பிளாஸ்டிக் 130 டிகிரி அளவிலேயே உருகிவிடும். அங்கே கான்கிரீட் கல்லே சரி.