"ஸ்பெயினில் ட்ரையல், உடனே பணம் கட்டுங்கள்": கோலாலம்பூர் பெற்றோருக்கு எச்சரிக்கை

செந்தூல், கெப்போங், செலாயாங் பக்கத்துப் பெற்றோர் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். 13, 14 வயதுக் காற்பந்துப் பிள்ளைகளிடம் "ஐரோப்பிய கிளப் உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது" என்று சொல்லி, பெற்றோரிடம் பணம் கறக்கும் வேலை மறுபடியும் நடக்கிறது. நான்கு குடும்பங்கள் ஏமாந்த விதத்தை ரசீதுகளை வைத்து எழுதுகிறோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் அகாடமியின் பெயரைப் போடவில்லை.

முதலில் நுழைவுக் கட்டணம் 350 வெள்ளி. ஜெர்சி மூன்று செட், பை, ட்ராக்சூட் எல்லாம் சேர்த்து 620. வெளிக்கடையில் வாங்க அனுமதியில்லை. மாதக் கட்டணம் 280. ஆறாம் மாதம் பையனை "எலீட் பிரிவுக்கு" ஏற்றினார்கள், கட்டணம் 450 ஆனது. திடலும் பயிற்றுநரும் பழையவைதான். ஒன்பதாம் மாதம் கிளப் சின்னத்தோடு ஆங்கிலக் கடிதம் வந்தது: ஸ்பெயினில் 10 நாள் ட்ரையல் (கிளப்பில் சேர்க்க ஆட்டக்காரரைச் சோதிக்கும் தேர்வு), மொத்தம் 18,900 வெள்ளி, முன்பணம் 6,500, மூன்று நாளுக்குள் கட்டவேண்டும், திரும்பக் கிடைக்காது. ஒரு வீட்டில் இபிஎஃப் சேமநிதியின் மூன்றாம் கணக்கைத் துடைத்தெடுத்தார்கள். இன்னொரு வீட்டில் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

பிள்ளைகள் போனார்கள். அங்கே இருந்தது வாடகைத் திடல், கூலிக்கு வந்த பயிற்றுநர்கள், உள்ளூர்ப் பையன்களோடு இரண்டு ஆட்டம், ஒருநாள் அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தல், கையில் ஒரு பங்கேற்புச் சான்றிதழ். கிளப்பின் இளையோர் பிரிவிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், "இரண்டாம் கட்டத் தேர்வுக்கு" இன்னும் 9,000 கேட்டார்கள். அதன்பிறகுதான் பெற்றோர் நால்வரும் உட்கார்ந்து தாள்களை ஒப்பிட்டார்கள்.

ஸ்பெயின் பயண ரசீதில் "விசா ஏற்பாடு 1,200 வெள்ளி" என்று ஒரு வரி இருக்கிறது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் ஸ்பெயின் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணமாகப் போக விசாவே தேவையில்லை. 180 நாளில் 90 நாள்வரை தங்கலாம். இந்த ஒரு வரியைப் பார்த்தே அன்றைக்கு நிறுத்தியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஃபிஃபாவின் ஆட்டக்காரர் இடமாற்ற விதிகளில் உள்ள 19ஆம் பிரிவு. 18 வயது நிரம்பாத ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாறக் கூடாது என்பதே பொது விதி. விதிவிலக்குகள் குறைவு. பெற்றோர் காற்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோயிருக்க வேண்டும். 16 முதல் 18 வயதுக்காரர் ஐரோப்பிய ஒன்றியப் பகுதிக்குள்ளேயே மாறலாம். எல்லையோர ஊர்களுக்கும், அகதிப் பிள்ளைகளுக்கும், பரிமாற்ற மாணவர்களுக்கும் தனித்தனி விதி உண்டு. செந்தூலில் வீடு, அப்பாவுக்கு இங்கேயே வேலை, பையன் படிவம் 2 என்றால் இதில் எதுவும் பொருந்தாது. பையன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்த கிளப் அவனைப் பதிவு செய்ய முடியாது. இந்த விதியை மீறியதற்காக 2014இல் பார்சிலோனாவுக்கே ஃபிஃபா 450,000 சுவிஸ் ஃப்ராங்க் அபராதம் போட்டு, இரண்டு இடமாற்றக் காலங்களுக்குப் புது ஆட்டக்காரர்களைச் சேர்க்கத் தடையும் விதித்தது. ஆகவே 14 வயதுப் பையனுக்கு "ட்ரையலில் தேறினால் ஒப்பந்தம்" என்று எவர் சொன்னாலும் அது பொய்.

"நான் ஏஜண்ட்" என்று வருகிறவருக்கும் விதி உண்டு. 2023 முதல் ஃபிஃபா உரிமம் தேர்வு எழுதித்தான் கிடைக்கிறது. உரிமம் பெற்றவர் பெயரை ஃபிஃபா இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடக்கூடிய வயது வர ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால், அவர் பிள்ளையையோ பெற்றோரையோ அணுகவே கூடாது. 13 வயதில் வீடு தேடி வருகிறவர் விதியை மீறித்தான் வருகிறார்.

கடிதம் கையில் இருந்தால், அதில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். கிளப்பின் சொந்த இணையத்தளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதி, கடிதத்தின் படத்தையும் இணைத்துக் கேளுங்கள். ரசீதில் "ட்ரையல்" என்று இருக்கிறதா, "கேம்ப்" என்று இருக்கிறதா பாருங்கள். வாயால் ட்ரையல் என்பார்கள், தாளில் கேம்ப், அதாவது வெறும் பயிற்சி முகாம், என்று போடுவார்கள். பயிற்சிச் சுற்றுலா என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை, வசதியுள்ளவர் போகலாம்.

இனி, அந்தப் பணத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் பிள்ளைக்கு எது கிடைக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

ஒரு பயிற்சி நேரத்தில் 20 நிமிடம் திடலோரம் நின்று உங்கள் பிள்ளையை மட்டும் கவனியுங்கள். எத்தனை நிமிடம் வரிசையில் காத்திருக்கிறான், எத்தனை தடவை பந்தைத் தொடுகிறான் என்று எண்ணுங்கள். பாதி நேரம் வரிசையில் நின்றால் ஜெர்சி எவ்வளவு பளபளத்தாலும் அந்தப் பயிற்சி வீண். ஒரு பயிற்றுநருக்கு 12 முதல் 16 பிள்ளைகள், ஆளுக்கொரு பந்து, சின்னத் திடலில் நாலுக்கு நாலு ஆட்டம்: இவைதான் திறனை வளர்க்கும். பயிற்றுநரின் உரிமத்தைக் கேளுங்கள். டி, சி, பி, ஏ என்று படிகள் உண்டு. டி உரிமம் சின்னப் பிள்ளைகளுக்கான அடிப்படை. அகாடமி எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவாகியிருப்பது வணிகப் பதிவு மட்டுமே, பயிற்சித் தரத்துக்குச் சான்றாகாது.

காலணியில் பலர் தவறு செய்கிறார்கள். கோலாலம்பூரில் வாடகைத் திடல்கள் பெரும்பாலும் செயற்கைப் புல். இயற்கைப் புல்லுக்கான எஃப்ஜி காலணியின் நீளக் குமிழ்கள் அதில் மாட்டிக்கொண்டு, உடம்பு திரும்பும்போது பாதம் திரும்பாமல் முழங்கால் முறுக்கப்படுகிறது. குட்டி ரப்பர் குமிழ்கள் உள்ள டிஎஃப் வகையோ, செயற்கைப் புல்லுக்கென்றே குட்டையான குமிழ்கள் வைத்த ஏஜி வகையோ வாங்குங்கள். வளரும் காலுக்கு விலை உயர்ந்த ஜோடி தேவையே இல்லை. பந்து, 8 முதல் 12 வயதுவரை 4ஆம் எண், பிறகு 5ஆம் எண்.

காயத் தடுப்புக்கு ஃபிஃபா 11+ என்ற தயார்ப்பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 20 நிமிடம், 15 பயிற்சிகள், வாரம் இரண்டு தடவையாவது. 7 முதல் 13 வயதுவரை தனிப் பதிப்பு உண்டு. இதை "ஸ்போர்ட்ஸ் சயன்ஸ் பேக்கேஜ்" என்று தனிக் காசுக்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள். வாரப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயது எண்ணைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 8 முதல் 14 வயதுக்குள் குதிகால் வலி என்று பிள்ளை சொன்னால் சோம்பல் என்று திட்டாதீர்கள். அங்கே எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் இறுகவில்லை, பின்னங்கால் தசைநாண் அதை இழுக்கிறது. ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பையன் சின்ன உருவம், தனிப் பயிற்சி வேண்டும்" என்று காசு கேட்டால் பிறந்த மாதத்தைப் பாருங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. டிசம்பரில் பிறந்தவன் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவனோடு மோதுகிறான். காலம் போனால் சரியாகும்.

முன்னேறும் வழி இன்றும் பள்ளிதான். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளிக் குழு, மண்டலம், மாநில அளவு, பிறகு எம்எஸ்எஸ்எம் எனும் தேசியப் பள்ளிகள் போட்டி. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கும் பகாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமிக்கும் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அந்த இடத்தை வாங்கித் தருகிறேன் என்று இடையில் நின்று காசு கேட்பவரிடம் ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டி ஏமாந்திருந்தால்: இப்போதுதான் வங்கியில் மாற்றினீர்கள் என்றால் உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997க்கு அழையுங்கள், போலீஸ் புகாரும் செய்யுங்கள். இனி கட்டுவதற்கு முன் அந்தக் கணக்கு எண்ணை மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய பணத்துக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளிவரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் தீர்ப்பாயத்தின் முதலாம் மனுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். "திரும்பக் கிடைக்காது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பின்வாங்காதீர்கள். பொய் சொல்லி வாங்கிய கையெழுத்தையும் அங்கே எடுத்து வைத்துப் பேசலாம்.

ரசீது, கடிதம், வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறும் முன் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். நான்கு குடும்பங்களில் ஒன்று கோபத்தில் குழுவை அழித்துவிட்டது. "தேறினால் ஒப்பந்தம் உறுதி" என்ற குரல் பதிவு அவர்களுடைய கைப்பேசியில்தான் இருந்தது.