ஓதத்தின் மேல் பெயிண்ட், காற்றுத் துளையின் மேல் விரிப்பு: பழைய கேரவனை அலங்கரிக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான கேரவனில் பழையது ஒன்றை வாங்கி, அதன் உட்புறத்தைக் கையில் இருக்கும் பணத்துக்குள் அழகாக மாற்றிக்கொள்ள நினைக்கும் தம்பதியருக்காக இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் அந்த எண்ணத்தோடுதான் வாங்கினோம். திரைச்சீலை, மெத்தை உறை, விளக்குகள் ஆகியவற்றை நாங்களே பார்த்துக்கொள்வது, சுவர், தரை, அலமாரி வேலைகளை மட்டும் விவரம் தெரிந்தவரிடம் ஒப்படைப்பது என்று பேசி வைத்திருந்தோம். கேரவன் உள்வேலையில் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர், பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லி, அதில் பெரும்பகுதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். வேலை முடித்துக் கொடுத்த அன்று வண்டி பார்க்க நிறைவாகவே இருந்தது. அவர் எதையெல்லாம் மூடி மறைத்திருந்தார் என்பது அதன் பிறகு பெய்த தொடர்மழையில்தான் தெரியவந்தது.

முன்பக்க ஜன்னலுக்குக் கீழே, மூலையில், வெள்ளைப் பெயிண்ட் சிறுசிறு கொப்புளங்களாக எழும்பியது. கட்டைவிரலால் அழுத்தியபோது சுவர் உள்ளே அமுங்கியது. என் கணவர் அந்த இடத்து அலங்காரப் பலகையை ஓர் ஓரத்தில் மெதுவாக நெம்பிப் பார்த்தார். பின்னால் இருந்த மெல்லிய ஒட்டுப்பலகை கறுத்து, அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. அதைத் தாங்கும் மரச்சட்டமோ நகத்தால் கிள்ளினாலே உதிரும் அளவுக்கு உளுத்துப்போயிருந்தது. அந்த உளுத்த சட்டத்தில் புத்தம்புதிய ஆணிகள் வரிசையாக அடிக்கப்பட்டு, ஒன்றுகூடப் பிடிக்காமல் தளர்ந்து நின்றன. மரம் ஆணியைப் பிடிக்கவில்லை என்பதைக் கண்டவுடன், வேலை செய்தவர் பலகையின் முதுகில் பசையை அள்ளி அப்பி ஒட்டியிருக்கிறார். ஆகவே சுவர் கெட்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை என்று சொல்ல வழியே இல்லை. தெரிந்தேதான் மூடியிருக்கிறார்.

இந்த ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டால், பெயிண்ட் அதற்கு ஏன் மருந்தாகாது என்பது விளங்கும். பழைய கேரவன்களில் பெரும்பாலானவை மரச்சட்டக் கூட்டின் மேல் வெளியே மெல்லிய அலுமினியத் தகடும், உள்ளே ஏறத்தாழ 3 மி.மீ. ஒட்டுப்பலகையும், இடையில் வெப்பத்தடுப்பு நுரையும் வைத்துச் செய்யப்பட்டவை. தகடுகள் சந்திக்கும் விளிம்புகளிலும், ஜன்னல்களையும் கூரைத் திறப்புகளையும் சுற்றியும் இருக்கும் சீலண்ட் என்ற அடைப்புப் பசை, ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி வெடிக்கிறது. திருகாணித் துளைகளின் வழியே மழைநீர் கசிந்து சட்டத்தில் ஊறுகிறது. வெளி விளிம்பைக் கழற்றிப் புதிதாக அடைக்காமல் உள்ளே எத்தனை பூச்சு பூசினாலும், ஈரம் வெளியேற வழியின்றி மரம் இன்னும் வேகமாக அழுகும். ஈரப்பதமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் சுவர் நலம் என்றும், 20ஐத் தாண்டினால் பழுது பார்க்க வேண்டும் என்றும், 30க்கு மேல் போனால் மரமே சேதமடைந்திருக்கும் என்றும் இத்துறையில் பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் தனியாக அழைத்த பொறியாளர் அந்த மூலையில் கருவியை வைத்தபோது 30ஐத் தாண்டியது. இதை வேலை செய்தவரிடம் தெரிவித்தபோது, “பழைய வண்டியில் ஓதம் இருக்கத்தான் செய்யும். நீங்கள் என்னிடம் கொடுத்தது அலங்கார வேலை மட்டும்தானே” என்று பதில் வந்தது.

ஓதமாவது பணத்தோடு போகும். அடுத்துச் சொல்லப்போவதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதே பொறியாளர் அடுப்புக்கு அருகே புதிய வினைல் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். தரையில் இருக்க வேண்டிய காற்றுத் துளைகள் விரிப்புக்கு அடியில் முழுவதுமாக அடைபட்டிருந்தன. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. அதில் உள்ள புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே எழாமல் தரையில் தேங்கும். அது தானாக வெளியே வடிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் தரையில் அந்தத் துளைகளை வைக்கிறார்கள். மேற்புறத்தில் இருந்த நிலையான காற்றுவழி ஒன்றையும், குளிர்காற்று வராமல் இருக்கும் என்று எண்ணியோ என்னவோ, பலகை வைத்து வேலை செய்தவர் மூடிவிட்டிருந்தார். காற்று புகாத சிறிய அறைக்குள் அடுப்போ வாயு சூடேற்றியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாங்கள் இருவரும் அந்த வண்டிக்குள் சமைத்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம்.

அலமாரி விஷயத்தில் நடந்தது அப்பட்டமான ஏமாற்று. கேரவனுக்கென்று உள்ள இலகு ஒட்டுப்பலகையில் செய்து தருவதாகச் சொன்னவர், வெள்ளை மேற்பூச்சு கொண்ட எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்யும் கனமான பலகை) செய்து வைத்தார். மேற்பூச்சு இருப்பதால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர் அளவுள்ள 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை ஒன்றே ஏறத்தாழ 40 கிலோ இருக்கும், அதே அளவு பாப்லர் என்ற இலகு மரத்தின் ஒட்டுப்பலகை 25 கிலோவை ஒட்டித்தான் வரும். ஒவ்வொரு கேரவனுக்கும் அதிகபட்ச எடை என்று ஒன்று தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது, தண்ணீரோ வாயு உருளையோ துணிமணியோ ஏற்றாமலேயே எங்கள் வண்டி அந்த எல்லையை நெருங்கியிருந்தது. அதிலும் கனமான அலமாரிகள் எல்லாம் பின்பக்கத்தில். இணைப்புக் கொக்கியின் மேல் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை அழுந்த வேண்டும் என்பது பொதுவான அளவு; பின்பாரம் கூடி அது குறைந்தால், வேகத்தில் போகும்போது கேரவன் வால்வீசி, இழுக்கும் காரையும் சேர்த்து ஆட்டிவிடும்.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வினைல் பூச்சுள்ள சுவரை எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிடிமானம் தரும் பிரைமர் அடித்த பிறகே வண்ணம் பூச வேண்டும். அவர் எதையும் செய்யாமல் நேராகப் பூசியதால், அடுப்புப் பக்கம் முழுதும் தோல்தோலாக உரிந்து வந்தது.

பொறியாளரின் எழுத்துப்பூர்வ அறிக்கை, பலகைக்குப் பின்னால் எடுத்த படங்கள், வேலை செய்தவர் எங்களுக்கு அனுப்பிய செய்திகள் ஆகிய மூன்றையும் வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ‘இலகு ஒட்டுப்பலகை’ என்று அவரே செய்தியில் எழுதியிருந்ததால், அலமாரிக்கான தொகையை மட்டும் வெகு இழுபறிக்குப் பின் கொடுத்தார். வாய்ப்பேச்சாக நின்றுவிட்ட சுவர், தரை வேலைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே பலகையின் வகையும் தடிமனும், எந்தக் காற்றுத் துளையும் மூடப்படாது என்ற உறுதியும் எழுத்தில் இருக்கட்டும். பணத்தை ஒரே தவணையில் தராமல், சுவரைத் திறந்து காட்டிய பின் ஒரு பகுதி, வெளி விளிம்புகளை அடைத்த பின் ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் வண்டியை எடைபோடுங்கள். முடிந்த வேலையின் அழகான படங்களை மட்டுமே காட்டி, திறந்த சுவரின் படம் ஒன்றுகூடக் காட்ட முடியாதவரை நம்ப வேண்டாம். மூலைகளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தொகை சொல்பவரையும்தான். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், முதலில் வெளிப்புற சீலண்ட் வேலைக்குச் செலவிடுங்கள். மெத்தை உறையும் விளக்கும் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே இப்படி வெளியாளிடம் கொடுத்துப் புதுத் தரை போட்டவர்கள், அடுப்பை அடுத்த முறை பற்றவைப்பதற்கு முன்னால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் விரிப்பை அந்த இடத்தில் வெட்டி எடுத்துவிட்டு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் உடனே பொருத்துங்கள்.