சூரியகாந்தி விதை வாங்குவோர் கவனத்திற்கு: வெயிலின் மேல் போடப்பட்ட பழி

தாராபுரத்திற்குத் தெற்கே எங்கள் கிணற்றுப் பாசன நிலத்தில், கடந்த மார்கழிப் பட்டத்தில் ஓர் ஏக்கர் சூரியகாந்தி விதைத்து நான் ஏமாந்தேன். அடுத்த பட்டத்திற்கு விதை தேடுகிறவர்களுக்கு இந்த நிலை வரக்கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

வழக்கமாக வாங்கும் இடத்தில் விதை இருப்பு இல்லாததால் வேறொரு வியாபாரியிடம் சென்றேன். பெரிய மூட்டையில் வந்த வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) விதையைப் பிரித்துக் கட்டியது என்று சொல்லி, அட்டை எதுவும் இல்லாத வெள்ளைப் பொட்டலத்தில் இரண்டு கிலோ கொடுத்தார். வழக்கமான விலையில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொண்டு, தொகையை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டைத் தந்தார். விதையின் மேல் சிவப்பு மருந்துப் பூச்சு இருந்ததைக் கண்டு நம்பிவிட்டேன்.

முளைப்பில் குறை தெரியவில்லை. நாற்பது நாளுக்குப் பிறகுதான், இடுப்புயரச் செடிக்குப் பக்கத்தில் ஆளுயரச் செடி நிற்பதையும், ஒரே தண்டில் நான்கைந்து சிறு பூக்கள் கிளைத்திருப்பதையும் கவனித்தேன். பூப்பு ஏறத்தாழ மூன்று வாரம் இழுத்தது. காலை ஒன்பது மணிக்குப் பூவின் நடுவட்டத்தைக் கட்டை விரலால் தேய்த்தால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். பல பூக்களில் விரல் வெறுமையாகவே வந்தது. ஒரு வரிசையில் நூறு செடிகளை எண்ணியபோது 23 செடிகளில் மகரந்தமே இல்லை.

அறுவடையில் 310 கிலோ கிடைத்தது. அதே வாரத்தில், அதே கரிசல் மண்ணில், சான்று பெற்ற ஒட்டு விதையை விதைத்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு ஏக்கரில் 740 கிலோ எடுத்தார். இருவரும் இருபது கிலோ வீதம் செக்கில் கொடுத்தோம். அவருக்கு ஆறரை கிலோ எண்ணெய் வந்தது, எனக்கு ஐந்து கிலோகூட வரவில்லை. என் விதையில் தோல் தடித்து, பருப்பு சிறுத்திருந்தது.

வியாபாரியிடம் கேட்டபோது, "விதை நல்ல விதைங்கண்ணா, மாசி வெயில்தான் கெடுத்துருச்சுங்க" என்றார். இந்தப் பதிலைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. மணி பிடிக்கும் காலத்தில் வெப்பம் மிகுந்தால் விதை நிரம்பும் நாட்கள் குறைந்து எண்ணெய்ச் சத்து இறங்கும். எண்ணெயில் லினோலிக் அமிலம் குறைந்து ஒலியிக் அமிலம் கூடும். பூக்கும்போது தண்ணீர் தவறினாலும், தேனீ வரத்து குறைந்தாலும், போரான் சத்து பற்றாவிட்டாலும் பூவின் நடுப்பகுதி பொக்காகும். ஆனால் அந்த வெயில் பக்கத்துத் தோட்டத்திலும்தான் அடித்தது. லிட்டருக்கு இரண்டு கிராம் போராக்ஸ் தெளித்ததிலும், காலையில் மெல்லிய துணியால் பூவை ஒற்றியதிலும் எங்கள் இருவருக்கும் வேறுபாடு கிடையாது. எல்லாவற்றையும்விட, எந்த வெயிலும் ஒற்றைப் பூச் செடியைக் கிளைத்த செடியாக மாற்றாது.

காரணத்தை எனக்கு விளக்கியவர் வேளாண் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். 1969-இல் பிரான்சில் லெக்லெர்க் என்ற ஆய்வாளர் கண்டறிந்த ஆண் மலட்டுத் தன்மையை, அதாவது பூவில் மகரந்தம் உண்டாகாத குணத்தைக் கொண்டுதான் சூரியகாந்தியில் ஒட்டு விதை உற்பத்தி செய்யப்படுகிறது. மலட்டுத் தாய்ச் செடியுடன் இணைக்கும் தந்தை வழியில் மகரந்தத்தை மீட்டுத் தரும் மரபணு இருப்பதால், உழவர் வயலில் எல்லாச் செடியும் மகரந்தம் தரும். அந்தப் பயிரில் விளைந்ததையே திரும்ப விதைத்தால் மரபணுக்கள் பிரிந்து, ஏறத்தாழ நான்கில் ஒரு செடி மலடாகிறது. தந்தை வழி பெரும்பாலும் கிளைக்கும் வகை என்பதால் அந்தக் குணமும் வெளிப்படுகிறது. ஒட்டு வீரியமும் குறைந்துவிடுகிறது. யாரோ ஒருவர் வயலில் விளைந்த மணிக்குச் சாயம் பூசி எனக்கு விற்றிருக்கிறார்கள். நூற்றுக்கு 23 என்று நான் எண்ணியது அந்தக் கணக்கோடு பொருந்தியபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

விதை ஆய்வாளரிடம் நான் சென்றது அறுவடை முடிந்த பிறகு. வயலில் பயிர் இல்லை, பொட்டலம் இல்லை, முறையான ரசீதும் இல்லை. அவரால் எதுவும் செய்ய இயலவில்லை. தரமற்ற விதைக்காக உழவர்கள் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழக வழக்கில் தீர்ப்பளித்திருந்தும், வாங்கியதை மெய்ப்பிக்க முடியாத எனக்கு அது உதவவில்லை.

எனவே சான்று விதையானால் நீல அட்டையும், விற்பவரே தரத்தைக் குறிப்பிட்டு விற்கும் உண்மைநிலை விதையானால் பச்சை அட்டையும் இல்லாத பையைத் தொடாதீர்கள். குவியல் எண் (லாட் நம்பர்), ரகத்தின் பெயர், காலாவதி நாள் ஆகியவை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பையையும் ஒரு கைப்பிடி விதையையும் அறுவடை வரை வைத்திருங்கள். உயரம் மாறி நின்றாலோ கிளைத்த பூக்கள் தெரிந்தாலோ, பூ கருகுவதற்குள் படம் எடுத்து, அந்த வாரத்திலேயே எழுத்து மூலம் மனு கொடுத்து விதை ஆய்வாளரை வயலுக்கு அழையுங்கள்.