ஆரியுஸும் அத்தனாசியுஸும்: மகன் படைக்கப்பட்டவரா, கடவுளா?

அலெக்சாந்திரியாவின் மூப்பரான ஆரியுஸ், மகனாகிய இயேசு கிறிஸ்து மற்றெல்லாப் படைப்புகளுக்கும் முந்தியவர் எனினும் தந்தையால் உண்டாக்கப்பட்டவரே என்றும், அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு என்றும் போதித்தார். பிதா தம்மிலும் பெரியவர் என்று இயேசுவே கூறும் யோவான் 14:28 அத்தரப்புக்கு வலுச்சேர்த்தது; கடவுள் ஒருவரே என்பதைக் காக்க முனைந்த அந்த அக்கறையை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆரியுஸை எதிர்த்த அத்தனாசியுஸோ மீட்பிலிருந்து தொடங்கினார்: தானே படைப்பாக இருப்பவர் பிற படைப்புகளைக் கடவுளோடு இணைக்க இயலாது; ஆகவே கிறிஸ்து முழுமையாகக் கடவுளல்லர் எனில், அவரை நம்புகிறவர்களுக்கு மீட்பும் இல்லை. என் பார்வையில் இவ்வாதமே ஆழமானது. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் மகனைத் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று அறிக்கையிட்டது. 'ஒரே பொருளானவர்' என்ற அச்சொல் விவிலியத்தில் இல்லை என்பது நிசேயா தரப்புக்கு நெடுநாள் சங்கடமாகவே இருந்தது. பின்னர் ஆயரான அத்தனாசியுஸ் 5 முறை நாடுகடத்தப்பட்டார்; 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் நிசேயாவின் நிலைப்பாட்டை மீண்டும் உறுதிசெய்தது.