செலரோனா, அத்லோனா: மலிவு சிப் யார் பெயரைக் கெடுத்தது?

தீபாவளி அட்வான்ஸையும் சீட்டுக் காசையும் சேர்த்து என் சித்தப்பா தன் மகளுக்கு ஏ.எல் படிக்க ஒரு லெப்டொப் வாங்கிக் கொடுத்தார். எந்தக் கம்பெனி சிப் என்று சொல்லவில்லை. பாஸ்ட் பேப்பர் ஒன்றைத் திறந்தால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், தங்கச்சி கொப்பியில் தலைப்பை எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவாள், முதல் பக்கம் அப்போதும் வந்திருக்காது. இப்போது தோட்டத்து லயத்தில் யார் கேட்டாலும் சித்தப்பா, "அந்தக் கம்பெனியே வேணாம்" என்கிறார். 4 ஜிபி ரெம்மும் போர்டிலேயே ஒட்டிய ஈஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பும்தான் பாதிக் குற்றவாளி என்று நான் சொன்னது எடுபடவில்லை, ஸ்டிக்கரில் இருப்பது சிப்பின் பெயர்தானே.

ஆக, பெயர் கெடத்தான் செய்கிறது. ஆனால் மலிவு என்பதாலா?

இன்டெல் 1998 ஏப்ரலில் செலரோன் என்ற பெயரில் முதல் மலிவு சிப்பை வெளியிட்டபோது, அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் எல்2 கேஷையே எடுத்துவிட்டது, நல்ல திட்டு வாங்கியது. அதே வருடம் ஓகஸ்டில் வந்த செலரோன் 300ஏ-யில் 128 கேபி கேஷ் சிப்புக்குள்ளேயே, சிப்பின் முழு வேகத்தில் ஓடியது. சிப் மற்ற பாகங்களோடு பேசும் பாதையான பஸ்ஸின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றி, 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பைப் பலர் 450-இல் ஓட்டினார்கள். அதே பெயர், அதுவும் மலிவுதான், ஆனால் அதை இன்றைக்கும் ஆசையாகப் பேசுகிறார்கள். அதனால் எனக்கு விலை பிரச்சினையே இல்லை, எதை வெட்டி விலையைக் குறைத்தார்கள் என்பதுதான் பிரச்சினை.

இன்டெலின் போட்டிக் கம்பெனி ஏஎம்டி பக்கம் கதை வேறு. 1999-இல் வந்தபோது அத்லோன்தான் அவர்களுடைய உச்சம், 2000 மார்ச்சில் 1 கிகாஹெர்ட்ஸை முதலில் தொட்டதும் அதுதான். மலிவுக்கு டியூரோன் என்று தனிப் பெயர் வைத்தார்கள். 2017-இல் ரைசன் என்ற புதுப் பெயர் உச்சத்துக்கு வந்தது, அடுத்த வருடமே அத்லோன் அடித்தட்டுக்குப் போனது. பழைய ராஜாவைக் காவலுக்கு நிறுத்திய மாதிரி எனக்கு மனம் நொந்தது, ஆனாலும் ரைசன் பெயரில் தூசு படவில்லை. அதோடு 2019-இல் 49 டொலருக்கு வந்த அத்லோன் 3000ஜி நல்ல சிப். ரைசன் பெயரைக் காத்த அந்தக் கவனத்தைப் பிறகு அவர்களே விட்டுவிட்டார்கள்: ரைசன் 5 7520யூ என்று புது நம்பர் போட்டு, உள்ளே 2019-இன் ஸென் 2 வடிவமைப்பை வைத்தார்கள். மலிவு சிப்பை விட இதுதான் பெயருக்குக் கேடு.

இன்டெல் 2023-இல் லெப்டொப்களில் செலரோன், பென்டியம் பெயர்களைக் கைவிட்டு, வெறும் 'இன்டெல் புரொசெசர்' என்று வைத்தது. கம்பெனியின் சொந்தப் பெயரே கடைசித் தட்டில். தவறினால் திட்டு நேரே வீட்டு வாசலுக்கு வரும். அங்கே அந்தப் பெயரில் வந்த என்100 சிப் காப்பாற்றியது, 6 வாட்டில் நான்கு கோர், படிக்கிற பிள்ளைக்குத் தாராளம்.

சித்தப்பாவின் சின்ன மகன் இப்போது ஓ.எல். அவனுக்கு வாங்கும்போது என்100, 8 ஜிபி ரெம், எஸ்எஸ்டி மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு நானும் ஹட்டனுக்குப் போவேன்.