ஆர்.ஓ. சவ்வில் கிருமிப் படலம்: குளோரினா, குளோரமைனா?

ஆர்.ஓ. என்பது நீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் முறை. அந்தச் சவ்வில் கிருமிகள் படலமாக ஒட்டி வளரும். அதைத் தடுக்க நீரில் கிருமிக்கொல்லி கலப்பார்கள். கிருமியைக் கொல்வதில் குளோரின் கெட்டிக்காரன், விலையும் குறைவு. சிக்கல் சவ்வில்தான். இன்றைய ஆர்.ஓ. சவ்வுகள் பெரும்பாலும் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகை. குளோரின் தொடர்ந்து பட்டால் அது சிதைந்து, உப்பை உள்ளே விட ஆரம்பித்துவிடும். அதனால் சவ்வை எட்டும் முன்பே சோடியம் பைசல்பைட் கலந்து குளோரினை முறிக்க வேண்டும். அப்புறம்தான் வேடிக்கை: குளோரின் உடைத்துப் போட்ட கரிமத் துணுக்குகள், தப்பிய கிருமிகளுக்கு நல்ல தீனி. தடுக்கவோ குளோரின் மிச்சம் இல்லை. குளோரின் போடாத நீரைவிட வேகமாகப் படலம் வளர்வதும் உண்டு.

குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) மெதுவாகக் கொல்லும். ஆனால் பாலிஅமைடு அதைப் பல மடங்கு தாங்கும். முறிக்காமல் சவ்வு வரை கூடவே அனுப்பலாம். கழிவுநீரைச் சுத்திகரித்து நிலத்தடியில் சேர்க்கும் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டி நிலையம் (2008 முதல் இயங்குகிறது) இதைத்தான் நம்புகிறது. குளோரமைனால் என்.டி.எம்.ஏ. என்ற நச்சு உருவாகலாம். அதை அங்கே புற ஊதா ஒளியால் சிதைக்கிறார்கள்.

கழிவுநீர் என்றால் என் ஓட்டு குளோரமைனுக்கே. கடல்நீருக்கு வேண்டாம்: அதிலுள்ள புரோமைடு குளோரமைனோடு சேர்ந்து சவ்வை அரிக்கும் சேர்மங்களை உண்டாக்கும். நீரில் இரும்பு இருந்தாலும் கவனம் தேவை. அப்போது குளோரமைனும் சவ்வைக் கெடுக்கும்.