குளோரோ மேட்ரிக்ஸ்: வாங்குமுன் உங்கள் லேசரைப் பாருங்கள்

லேசரால் மூலக்கூறுகளை அயனியாக்கி எடைபோடும் மால்டி கருவியில் பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) அயனியாக்கப் பெரும்பாலான ஆய்வகங்கள் ஆல்ஃபா-சயனோ-4-ஹைட்ராக்சிசினமிக் அமிலத்தைத்தான் மேட்ரிக்ஸாக, அதாவது லேசர் ஒளியை உறிஞ்சி மாதிரிக்குப் புரோட்டானைக் கொடுக்கும் பொருளாக, வைத்திருக்கின்றன. அதன் ஹைட்ராக்சில் தொகுதி இருந்த இடத்தில் குளோரின் அணு உட்கார்ந்திருப்பதுதான் இந்தக் குளோரோ மேட்ரிக்ஸ். ஃபிராங்க்ஃபர்ட்டில் மிஹாயேல் காராஸ் குழுவினர் 2008-இல் அறிமுகப்படுத்தியது. இப்போது பொடியாகவே விலைக்குக் கிடைக்கிறது.

புரதத்தைத் துண்டாக்கும் டிரிப்சின் நொதி, லைசின் என்ற அமினோ அமிலத்தை அடுத்தும் வெட்டும், அர்ஜினினை அடுத்தும் வெட்டும். பழைய மேட்ரிக்ஸில் அர்ஜினினில் முடியும் துண்டுகளே புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நிறமாலையில் உயர்ந்து நிற்கும். லைசின் துண்டுகள் பல இரைச்சலில் அமுங்கிவிடும். குளோரோ மேட்ரிக்ஸுக்குப் புரோட்டான் நாட்டம் குறைவு. அதை எளிதில் விட்டுக்கொடுத்துவிடுவதால் லைசின் துண்டுகளும் தெரிய ஆரம்பிக்கின்றன. சிறிதளவே புரதம் கையில் இருக்கும்போது இது பெரிய உதவி. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசர் என்றால் யோசிக்க வேண்டாம். 355 நானோமீட்டர் என்டி-யாக் லேசரானால் சிக்கல்: அந்த அலைநீளத்தில் இது ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். ஆற்றலைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அளவு மீறினால் நிறமாலையின் பீக் (முகடு) அகன்று பிரிதிறன் கெடும், தகட்டில் உலர்ந்திருக்கும் மாதிரிப் புள்ளியான ஸ்பாட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகும். புதிய கருவிகள் பலவற்றில் 355-தான் என்பதால் இதைச் சிறு குறையாகத் தள்ள முடியாது.

கரைசலுக்கு மில்லிலிட்டருக்கு 5 மி.கி. போதும்: 70% அசிட்டோநைட்ரைல், 0.1% டிஎஃப்ஏ (டிரைஃப்ளூரோ அசெட்டிக் அமிலம்). தகட்டில் அரை மைக்ரோலிட்டர் மாதிரி, அதன்மேல் அரை மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ். அறை வெப்பத்தில் தானாக உலரட்டும். ஒவ்வொரு பீக்குக்கும் 22, 38 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) தள்ளி இன்னொன்று தெரிந்தால் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். உலர்ந்த ஸ்பாட்டின்மேல் குளிர்ந்த 0.1% டிஎஃப்ஏ 2 மைக்ரோலிட்டர் விட்டு, பத்து விநாடிக்குள் உறிஞ்சி எடுங்கள். தாமதித்தால் உப்போடு பெப்டைடும் போய்விடும். கழுவும் நீரில் அசிட்டோநைட்ரைல் கலக்கவே கூடாது, படிகம் கரைந்துவிடும்.

கருவியின் எடை அளவுத்திருத்தத்துக்குப் பழைய மேட்ரிக்ஸின் 379.09 பீக்கை நம்பியிருந்தவர்களுக்கு அது இனி இல்லை. பெப்டைடு கலவையோ, டிரிப்சின் தன்னையே வெட்டிக்கொள்வதால் வரும் 842.51, 2211.10 பீக்குகளோ கைகொடுக்கும். 208, 210 பீக்குகள் இரண்டும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று உயரத்தில் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அது மேட்ரிக்ஸின் குளோரின் ஐசோடோப்பு.

முழுப் புரதத்தை எடைபோடுவதற்காக இதை வாங்காதீர்கள். அந்த வேலைக்குச் சினாபினிக் அமிலம்தான்.